கோணலும் நேரும்

கோணலை ஒளித்து வைக்க முடியாத ஊர் ஒன்று உண்டென்றால் அது புதுச்சேரிதான். 1693-இல் டச்சுக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுக்கும் திட்டம் அவர்கள் காலத்தில் வரைந்தது. பிறகு 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பழைய கோடுகளின் மேலேயே மறுபடியும் ஊரைக் கட்டினார்கள். வீடு போனாலும் கோடு போகவில்லை. விடியற்காலையில், வண்டிகளின் நெரிசல் தொடங்குமுன், மிஷன் வீதியின் ஒரு கோடியில் நின்று பாருங்கள். நூல் பிடித்தாற்போல் பார்வை நேராக ஓடும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய மோட்டார்க் காரின் ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நின்றால் உடனே தெரிந்து போகிறது. மலைப் பாதையிலும், வளைந்து வளைந்து போகும் கிராமத்துச் சாலையிலும் சக்கரம் நேராக நிற்கும் நேரமே கொஞ்சம். அங்கே யார் கவனிக்கப் போகிறார்கள்? நேர் சாலையில்தான் குட்டு வெளிப்படும். கார் அம்பு மாதிரி நேரே போகிறது. சக்கரத்தின் குறுக்குக் கம்பியோ தலையைச் சாய்த்துக் கொண்டு நிற்கிறது. ஓட்டுகிறவரின் வலது கை தாழ்ந்தும் இடது கை உயர்ந்தும் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் காரணமில்லாமல் ஒரு சங்கடம்.

இந்தச் சின்னக் கோணலில் ஒரு பெரிய தர்ம விசாரம் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கோணலை எப்படித் திருத்துவது என்பது மெக்கானிக்கின் கேள்வி. திருத்தினால் போதுமா, எந்தக் கோணலைத் திருத்தினோம் என்று யாருக்காவது சொல்லியாக வேண்டுமா என்பது நம் எல்லோருடைய கேள்வி.

விஷயம் என்னுடைய நண்பர் ஒருவரின் காரைப் பற்றியது. அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கார் அவருடைய தகப்பனார் வாங்கிய அம்பாஸிடர். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்று ஒரு கார் வந்தது. அதன் அச்சுக்களைக் கொண்டு 1950-களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தரப்பாராவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். 2014-இல் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தும் வரை, மேல் தோற்றத்தில் அதிக மாறுதலில்லாமல் அது வந்து கொண்டிருந்தது. கல்யாண ஊர்வலத்துக்கும் கலெக்டருக்கும் ஒரே வண்டி. நண்பரின் காரில் பத்துப் பதினோரு வருஷமாக ஸ்டியரிங் சக்கரம் வலது பக்கம் சாய்ந்து நின்றது. கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

யாராவது அதைச் சுட்டிக் காட்டினால் ஆசிரியர் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார். அம்பு பார்வைக்கு நேராக இருந்தும் கொடுமை செய்கிறது, யாழ் கழுத்து வளைந்திருந்தும் இன்பம் தருகிறது, ஆகவே செயலைப் பார்த்துத்தான் எதையும் மதிக்க வேண்டும் என்று கூடாவொழுக்கம் அதிகாரத்தில் வருகிறதல்லவா? "என் வண்டி யாழ் ஐயா, யாழ்!" என்பார். நாங்களும் சிரித்து விடுவோம்.

காரை விற்க வேண்டிய காலம் வந்தபோதுதான் யாழ் கசந்தது. பணத்துக்கு நெருக்கடி, வீட்டில் வைத்தியச் செலவு. பார்க்க வந்தவர்களெல்லாம் எஞ்சினைப் பார்த்தார்கள், துருவைத் தட்டிப் பார்த்தார்கள், காந்தி வீதியில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தார்கள், திரும்பி வந்து, "ஸ்டியரிங் ஏன் இப்படி?" என்று கேட்டு விலையைக் குறைத்தார்கள். ஆசிரியர் காரைப் பட்டறைக்குக் கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"மேஸ்திரி, இந்தச் சக்கரத்தைக் கழட்டி நேரா மாட்டிடுங்க. பத்து நிமிஷ வேலைதானே?"

பத்து நிமிஷ வேலைதான். நடுவிலிருக்கும் ஹாரன் மூடியை எடுத்து, அடியிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்தினால் சக்கரம் மேலே வந்து விடும். அது உட்காரும் தண்டில் சுற்றிலும் நுண்ணிய பல் வரிகள் உண்டு. இரண்டு மூன்று பல் தள்ளி உட்கார வைத்து நட்டை முடுக்கினால் சக்கரம் நேராகிவிடும். யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. காரின் முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார். சக்கரத்தை இடது கோடி வரைக்கும் திருப்பினார். பிறகு அங்கிருந்து வலது கோடி வரைக்கும் மெதுவாகச் சுற்றிக் கொண்டே எண்ணினார். மொத்தச் சுற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கொண்டு வந்து நிறுத்தினார். ஸ்டியரிங்கின் உள் அமைப்புக்கு அதுதான் நடு. இந்தக் காரில் ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு சிறு பல் சக்கரம், பல் வெட்டிய நீண்ட சட்டம் ஒன்றை இடமும் வலமும் நகர்த்துகிறது. சட்டத்தின் இரு முனையிலிருந்தும் டை ராடு எனப்படும் இணைப்புக் கம்பிகள் போய் முன் சக்கரங்களைத் திருப்புகின்றன. சட்டம் நடுவில் நின்றபோது ஸ்டியரிங் சக்கரம் எப்படி நின்றது தெரியுமா? கொஞ்சமும் சாயாமல் நேராக!

"பாத்தீங்களா? சக்கரம் சரியான பல்லுலதான் உக்காந்திருக்கு. கோணல் கீழ இருக்கு" என்றார் மேஸ்திரி.

குனிந்து பார்த்தோம். இடது பக்கத்து டை ராடில், உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு ஒரு வளைவு. எப்போதோ, எந்த நடைபாதைக் கல்லிலோ மோதியிருக்க வேண்டும். கம்பி வளைந்தால் அதன் நீளம் குறையும். முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இசையாமல் போய் டயர் தேயும். அன்றைக்கு வண்டியைப் பார்த்த யாரோ ஒருவர், வளைந்த கம்பியை மாற்றாமல், வலது பக்கத்துக் கம்பியின் மரையைத் திருகி அளவைச் சரிக்கட்டி விட்டார். சக்கரங்கள் இசைந்து விட்டன, கார் நேரே போயிற்று. ஆனால் நேரே போவதற்கு உள்ளே இருக்கும் சட்டம் நடுவிலிருந்து விலகி நிற்க வேண்டியதாயிற்று. அந்த விலகலைத்தான் ஸ்டியரிங் சக்கரம் பதினோரு வருஷமாகத் தலையைச் சாய்த்துச் சொல்லிக் கொண்டிருந்தது. ஆசிரியரின் வீட்டுச் சந்திலிருந்து வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு தடவை பின்னுக்கு எடுத்துத்தான் திரும்ப முடியும். சந்து குறுகல் என்று நாங்கள் நினைத்துக் கொண்டிருந்தோம். சட்டம் ஏற்கெனவே வலது திருப்பத்துக்குரிய திசையில் ஒதுங்கி நின்றதால் அந்தப் பக்கத்துக்கு மிச்சமிருந்த இடம் குறைவு. சந்தின் மேல் குற்றமில்லை.

இப்படிக் கோடிகளை எண்ணி நடுவைக் கண்டு பிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ஆசிரியரைக் கேட்டிருந்தால், தம் கை எங்கே வசதியாக நிற்கிறதோ அதுதான் நடு என்று சத்தியம் செய்திருப்பார். பொய்ச் சத்தியமும் அல்ல. பதினோரு வருஷம் அவர் தோள் அந்தச் சாய்வுக்குப் பழகி விட்டது. ஒரு சமயம் மாப்பிள்ளையின் புதுக் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி இடது பக்கம் இழுக்கிறதே!" என்று சொன்னார். மனசாட்சியை நாம் பெரிய நீதிபதியாக உட்கார்த்தி வைத்திருக்கிறோம். என் மனசுக்கு நியாயமாகப் படுகிறது என்பதோடு வழக்கு முடிந்து போகிறது. ஆனால் மனசும் தோள் மாதிரிதானே? எதைப் பத்து வருஷம் பிடித்திருந்தோமோ அதையே நேர் என்று சொல்லும். கோணலாகப் பிடித்திருப்பவன் அயோக்கியனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு கோடிக்கும் போய் எண்ணிப் பார்க்காதவனாக இருந்தால் போதும். மனித வாழ்க்கையில் இரண்டு கோடியையும் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். ஸ்டியரிங்குக்கு அந்தச் சௌகரியம் இருக்கிறது, நமக்கு இல்லை.

மேஸ்திரி விஷயத்தைச் சொல்லி முடித்த பிறகும் ஆசிரியர் மனம் மாறவில்லை. அவரை யாரும் தப்பாக எண்ணக் கூடாது. வகுப்பில் ஒரு மார்க்கைக் கூடப் பட்சபாதமாகப் போடாத மனிதர். அவர் சொன்ன நியாயம் இதுதான்:

"மேஸ்திரி, பதினோரு வருஷமா இந்தக் கம்பியோடதான் நான் ஓட்டறேன். ஒண்ணும் ஆகலே. நான் யார்கிட்டேயும் பொய் சொல்லப் போறதில்லே. சக்கரம் நேரா இருந்தா வாங்கறவன் கேக்க மாட்டான், அவ்வளவுதான். கேட்டா நான் சொல்லிட மாட்டேனா?"

"அதாங்க ஐயா. இப்ப அது கோணலா நிக்கறதாலதான் அவங்க கேக்கறாங்க. கேக்கட்டுமே" என்றார் மேஸ்திரி.

இதற்கு மேல் அவர் விவாதிக்கவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஒரே காரியம் ஓரிடத்தில் நேர்மையாகவும் இன்னோரிடத்தில் வஞ்சனையாகவும் ஆவதை யோசித்துப் பாருங்கள். முன்பு வேலை செய்த மெக்கானிக் அவசரத்தில் சக்கரத்தைத் தப்பான பல்லில் மாட்டியிருந்தான் என்று வைத்துக் கொள்வோம். சட்டம் நடுவில் நிற்கும்போதும் சக்கரம் கோணலாக நிற்கும். அப்போது கழற்றி நேராக மாட்டுவதுதான் சரியான வைத்தியம். வேறு எதைத் தொட்டாலும் தப்பு. ஆசிரியர் கேட்ட காரியமும் அதேதான். அதே ஸ்பானர், அதே நட்டு, அதே பத்து நிமிஷம். தெருவில் போகிறவன் எட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல மாட்டான். வித்தியாசம் கையில் இல்லை. எண்ணிப் பார்த்து அறிந்ததில் இருக்கிறது. எண்ணாமலே மாட்டிக் கொடுத்திருந்தால் மேஸ்திரியை அறியாதவர் என்று விடலாம். எண்ணிய பிறகு மாட்டினால் அப்படி விட முடியாது. அறிவு வந்தபின் கை பழைய கையாக இருப்பதில்லை. அப்படியானால் எண்ணாமலே இருப்பது புத்திசாலித்தனமா என்று கேட்கத் தோன்றும். எத்தனையோ பட்டறைகளில், எத்தனையோ ஆபீஸ்களில், எண்ணாமலே இருப்பது ஒரு கலையாக வளர்ந்திருப்பதைப் பார்க்கிறோம்.

நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் இந்த விஷயம் உறுத்தவே, வக்கீல் நண்பர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். புதுச்சேரி வக்கீலிடம் கேட்பதில் ஒரு லாபம் உண்டு. ஒரு கேள்விக்கு இரண்டு தேசத்துப் பதில் கிடைக்கும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி இங்கே நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அதற்கு முன் பிரெஞ்சுச் சட்டம்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் மோசடி எது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்த ஒன்றைச் செயலால் மறைத்தால் மோசடி. வெறுமனே வாயைத் திறக்காமல் இருந்தால், சொல்ல வேண்டிய கடமை இல்லாதவரை, மோசடி ஆகாது. இதற்கு ஒரு குதிரையை உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். ஒருவன் தன் குதிரை நோயுள்ளது என்று தெரிந்தும் ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் விற்கிறான். மோசடி அல்ல. வாங்குகிறவள் அவனுடைய சொந்த மகள், அப்போதுதான் மேஜரானவள் என்றால், சொல்ல வேண்டியது அவன் கடமை. வாங்குகிறவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக் கொள்வேன்" என்று சொல்லியும் விற்கிறவன் சும்மா இருந்தால், அந்த மௌனமே பேச்சு. சட்டத்தை எழுதியவர்களில் ஒரு நல்ல சிறுகதைக்காரர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. மகள் என்றால் சொல்ல வேண்டும், அயலான் என்றால் வேண்டாம் என்ற இடம் மட்டும் முள்ளாகக் குத்தியது. உலகம் அப்படித்தான் நடக்கிறது. சட்டம் அதை எழுதி வைத்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களின் 1804-ஆம் வருஷத்துச் சிவில் சட்டம் வேறு பக்கமாக வருகிறது. விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவன் பொறுப்பு என்கிறது 1641-ஆம் ஷரத்து. அந்தக் குறை தெரிந்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டான், அல்லது குறைந்த விலைதான் கொடுத்திருப்பான் என்கிற அளவுக்கு அது இருக்க வேண்டும். அடுத்த ஷரத்து, வாங்குகிறவன் தானே கண்டு கொள்ளக்கூடிய வெளிப்படையான குறைக்கு விற்றவன் பொறுப்பல்ல என்கிறது. மறைந்த குறை விற்றவனுக்கே தெரியாமலிருந்தாலும், வேறு விதமாகப் பேசிக் கொள்ளாத வரையில், பொறுப்புத்தான். தெரிந்து விற்றிருந்தால் விலையைத் திருப்பிக் கொடுப்பதோடு நஷ்ட ஈடும் தர வேண்டும்.

வக்கீல் இதைச் சொல்லிக் கொண்டு வரும்போதே எனக்குப் பட்டறையில் நடந்தது முழுவதும் விளங்கி விட்டது. வளைந்த கம்பி காரின் அடியில் இருக்கிறது. வாங்க வருகிறவன் வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு அடியில் படுத்துப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அந்தக் குறை முழுதாக மறைந்ததல்ல. ஸ்டியரிங் சக்கரம் அதை மேலே, கண் எதிரில் காட்டிக் கொண்டிருந்தது. ஆசிரியர் கேட்டது அந்த ஒரு ஜன்னலைச் சாத்தி விடத்தான். வெளியே தெரிந்த குறையை மறைந்த குறையாக மாற்றித் தரச் சொன்னார். நான் பொய் சொல்லப் போவதில்லை என்றார், உண்மை. அவர் வாயால் சொல்ல மாட்டார். சக்கரம் நேராக நின்று அவருக்காகச் சொல்லும். இந்தியக் குதிரைக்காரனாவது குதிரையை அப்படியே ஏலத்தில் விட்டான். நொண்டுகிற காலுக்கு மருந்து போட்டு, அரைமணி நேரம் நொண்டாமல் நடக்க வைத்து அழைத்து வந்திருந்தால் இந்தியச் சட்டமும் அவனை விட்டிருக்காது.

வள்ளுவரின் யாழையும் இப்போது வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாழின் கழுத்து வளைவு யாழ் செய்தவன் கொடுத்த வளைவு. அது எதற்கும் சாட்சியல்ல. ஆசிரியரின் சக்கரச் சாய்வு ஒரு சேதத்தின் அடையாளம். இனிய இசை வந்தது என்பதற்காக அதை யாழோடு சேர்க்க முடியாது. கார் நேரே போனது என்ற ஒன்றை மட்டும் செயலாக எண்ணி விட்டார் ஆசிரியர். வளைந்த இரும்பு ஒவ்வொரு குழியிலும் அடி வாங்கிக் கொண்டிருந்ததும் செயல்தானே? ஸ்டியரிங் கம்பி வளைந்தால் அதைத் தட்டி நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்பது பட்டறைகளில் பாலபாடம். ஓட்டுகிறவனின் உயிரும் எதிரே வருகிறவனின் உயிரும் அந்தக் கம்பியில் தொங்குகின்றன. வாங்குகிறவன் திண்டிவனம் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறான் என்று நினைத்துப் பார்த்தால் விலை பேரம் சின்ன விஷயமாகி விடும்.

மேஸ்திரியின் பக்கத்திலும் ஒரு நஷ்டம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பத்து நிமிஷ வேலைக்குக் கூலி கைக்கு வந்திருக்கும். மாட்டேன் என்றதும் ஆசிரியர் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டு போயிருக்கலாம். அங்கே ஒரு பையன் கேள்வி கேட்காமல் செய்து கொடுத்திருப்பான். கார் கோணலாகவே அல்லது பொய்யாக நேராகவே விலை போயிருக்கும். மேஸ்திரி மறுத்ததால் உலகத்தில் ஒரு வஞ்சனை குறைந்திருக்கும் என்பது நிச்சயமில்லை. நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்யத்தானே போகிறான் என்று சொல்லித்தான் முக்கால்வாசிப் பாவங்கள் நடக்கின்றன. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமலில்லை. கணக்கைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஆசிரியரே அரை மனதோடு, "சரி, மாத்தியே விடுங்க" என்றார். சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகங்களின் குவியலில் தேடி ஒரு டை ராடு வந்து சேர்ந்தது. மேஸ்திரி பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். சட்டத்தை நடுவில் நிறுத்தி, ஸ்டியரிங் சக்கரம் அசையாதபடி கட்டி வைத்தார். இரு பக்கத்துக் கம்பிகளிலும் மரை ஒரே அளவு வெளியே தெரியும்படி வைத்துக் கொண்டு முன் சக்கரங்களின் இசைவை அளந்தார். ஓட்டிப் பார்த்தபோது ஒரு நூல் சாய்வு மிச்சமிருந்தது. ஒரு பக்கத்தை எவ்வளவு நீட்டினாரோ மறு பக்கத்தை அதே அளவு குறைத்தார். அப்படிச் செய்தால்தான் சக்கரங்களின் இசைவு கெடாமல் ஸ்டியரிங் மட்டும் நேராகும். ஸ்டியரிங் சக்கரத்தின் நட்டை அவர் கடைசிவரை தொடவே இல்லை. கழற்றிய வளைந்த கம்பியைத் துணியில் சுற்றி டிக்கியில் போட்டார்.

"இது எதுக்கு மேஸ்திரி?" என்றார் ஆசிரியர்.

"வாங்கறவங்க பாக்கட்டும் ஐயா."

இந்த இடத்தில்தான் எனக்கும் ஆசிரியருக்கும் இன்றைக்கும் ஒத்துப் போகவில்லை. குறை தீர்ந்து விட்டது. இனி அதைப் பற்றி வாய் திறக்க வேண்டிய கடமை ஏதுமில்லை, தீர்ந்த நோயைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் யாராவது சொல்வார்களா என்பது அவர் கட்சி. அடி பட்ட இரும்பு ஒன்று போயிற்று, அதே அடி வேறு எதிலெல்லாம் இறங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும், ஆகவே சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அவருடைய வாதத்திலும் பலம் இருக்கிறது என்பதை ஒப்புக் கொள்கிறேன். எல்லாப் பழைய அடிகளையும் அவிழ்த்துக் காட்ட வேண்டுமென்றால் பழைய கார் மட்டுமல்ல, நடுத்தர வயது மனிதன் ஒருவனும் விலை போக மாட்டான்.

வாங்க வந்தவர் வில்லியனூர்ப் பக்கத்து இளைஞர். டிக்கியைத் திறந்தார், துணிச் சுருளைப் பார்த்தார். "இது என்ன சார்?" என்று கேட்டார். ஆசிரியர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கம்பியை வெளியே எடுத்து, வளைவு தெரியும்படி வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, வகுப்பில் இலக்கணம் நடத்துகிற குரலில் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.